வைல்டு டிஸ்கஸும் பண்ணை டிஸ்கஸும்: பதினோரு மாதச் சண்டைக் கணக்கு

இன்று காலை தீனி போட்ட கையோடு பதினைந்து நிமிடம் உட்கார்ந்து எண்ணினேன். பெரிய தொட்டியில் ஒன்பது டிஸ்கஸ் (தட்டு மாதிரி வட்டமான அலங்கார மீன்), மொத்தம் 5 துரத்தல். போன ஆகஸ்டில் இதே தொட்டியில் ஆறே மீன் இருந்தபோது அதே பதினைந்து நிமிடத்தில் 38. அந்த 38-லிருந்து 5-க்கு வர பதினோரு மாதமும் மூன்று மீன்களின் உயிரும் போயிருக்கிறது, அதனால்தான் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

வீடு பெரம்பூரில். கொளத்தூர் மீன் கடைகள் வண்டியில் பத்துப் பதினைந்து நிமிடம். தொட்டி 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம், தண்ணீர் 21 அங்குலம் வரை நிற்கும், ஏறக்குறைய 400 லிட்டர். தரையில் மணல் கிடையாது, வெறும் கண்ணாடி, இரண்டு பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒரு 300 வாட் ஹீட்டர். ஹீட்டருக்கு நம் ஊரில் மார்கழி, தையில்தான் வேலை. மற்ற மாதங்களில் தண்ணீர் தானாகவே 29, 30 டிகிரியில் நிற்கும்.

முதலில் நான்கு பண்ணை மீன் வாங்கினேன், இரண்டு ரெட் டர்க்கைஸ், இரண்டு பிஜன் பிளட் (இரண்டும் டிஸ்கஸில் நிற வகைகள்), எல்லாம் நாலு அங்குலம். இரண்டு மாதம் கழித்து இன்னும் இரண்டு பிஜன் பிளட், அவை மூன்றரை அங்குலம். முதல் தப்பு அங்கேயே ஆரம்பித்தது. பெரிய டர்க்கைஸ் ஏற்கெனவே தொட்டியைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டிருந்தது, புதிதாக வந்த சின்னதுகளில் ஒன்றை அது ஹீட்டருக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டது. தீனி விழும்போது அந்தக் குட்டி அரை அடி முன்னால் வரும், டர்க்கைஸ் திரும்பிப் பார்த்தாலே போதும், மறுபடி பின்னால் போய்விடும். ஒரு மாதத்தில் அதன் நெற்றி உள்வாங்கி, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. டிஸ்கஸ் வளர்த்தவர்களுக்கு அந்தப் பட்டினி முகம் தெரியும்.

எண்ணும் யோசனை என் அண்ணன் மகளுடையது. "சித்தப்பா, ரொம்ப அடிக்குதுன்னு சொன்னா எவ்வளவுன்னு தெரியாதுல்ல, எண்ணலாம்" என்று ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து வந்து உட்கார்ந்தாள். ஒரு மீன் இன்னொன்றைத் தன் உடல் நீளத்துக்கு மேல் விரட்டினால் ஒரு கோடு. தீனிக்கு முன்னால் பதினைந்து நிமிடம், தீனிக்குப் பிறகு பதினைந்து நிமிடம். இந்த நோட்டு இல்லையென்றால் பின்னால் செய்ததில் எது உதவியது, எது உதவவில்லை என்று எனக்குத் தெரிந்தே இருக்காது.

முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். அடிக்கிற டர்க்கைஸைப் பிடித்து 2 அடித் தொட்டியில் ஐந்து நாள் தனியாக வைத்தேன். இரண்டாவது நாளே அடுத்த டர்க்கைஸ் அந்த இடத்துக்கு வந்துவிட்டது. பெரியது திரும்பி வந்ததும் ஒரே நாளில் பழைய நிலை, நோட்டில் 36. சரி, அடி வாங்குகிற குட்டியை எடுத்துவிடுவோம் என்று அதை மாற்றினேன். மூன்றே நாளில் இன்னொரு பிஜன் பிளட் ஹீட்டருக்குப் பின்னால் போய் நின்றது. ஆறு மீன் இருக்கிற இடத்தில் கடைசி இடம் என்று ஒன்று இருந்துகொண்டே இருக்கிறது, அதில் நிற்கிற மீனை எடுத்தால் அடுத்தது வந்து நிற்கிறது.

அந்தச் சமயத்தில்தான் வைல்டு டிஸ்கஸ் பேச்சு வந்தது. நம் ஊரில் கிடைக்கிற டிஸ்கஸ் பெரும்பாலும் தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் வளர்ந்தது, பினாங்கிலும் பாங்காக்கிலும் நிறம் பார்த்துத் தேர்ந்தெடுத்து உருவாக்கிய வகைகள், அதன் வழி வந்த குஞ்சுகள். பிஜன் பிளட்டே தாய்லாந்தில் உருவானதுதான், ஆற்றில் அப்படி ஒரு மீன் கிடையாது. வைல்டு என்பது அமேசான் கிளையாறுகளில் பிடித்து வருவது. அங்கே தண்ணீர் இறங்கும் மாதங்களில், கரையோரம் விழுந்து கிடக்கிற மரக்கிளைகளுக்குள் கூட்டமாக அடைந்து நிற்கும், இரவில் டார்ச் அடித்துக் கைவலையில் அள்ளுவார்கள். கூட்டமாக வாழ்கிற மீன்தானே, சாதுவாக இருக்கும், அதைப் பார்த்துப் பண்ணை மீனும் அடங்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். கொளத்தூரில் பல வருடமாக டிஸ்கஸ் குஞ்சு எடுக்கிற ஓர் அண்ணனிடம் சொன்னேன். "தம்பி, அது சாதுவா இருக்கிறது பயத்துல. பயம் தெளிஞ்சப்புறம் பாருங்க" என்றார். நான் அந்த வார்த்தையின் முதல் பாதியைத்தான் கேட்டேன்.

அக்டோபரில் நான்கு வைல்டு பிரவுன் வந்தது, ஒன்று 5,500 ரூபாய். ஐந்து அங்குலம், மங்கின செம்மண் நிறம், நெற்றியிலும் முதுகுத் துடுப்பின் கீழும் மட்டும் நீலக் கோடுகள். பையைப் பிரித்து 2 அடித் தொட்டியில் விட்டதும் நான்கும் உடம்பில் ஒன்பது கறுப்புப் பட்டையையும் காட்டிக்கொண்டு பின்பக்கக் கண்ணாடியோடு ஒட்டி நின்றன. ஒன்பது நாள் எதையும் தொடவில்லை. மாட்டு இதயம், இறால், கீரை, பூண்டு சேர்த்து அரைத்து உறைய வைத்திருக்கிற என் வழக்கமான தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பத்தாவது நாள் இரவு விளக்கை அணைத்துவிட்டு, ஃப்ரீசரில் இருந்த பிளட்வார்ம் (சிவப்பு நிறப் புழு) ஒரு துண்டு போட்டுவிட்டுத் தூங்கினேன், காலையில் ஒன்றும் மிச்சமில்லை. அரைத்த தீனிக்கு அவை வாய் வைக்க ஐந்து வாரம் ஆனது.

மருந்து: செவுள் புழுவுக்குப் பிராசிகுவாண்டல், வெள்ளையாக நூல் மாதிரிக் கழிவு போனதால் மெட்ரோநிடசோல், 60 லிட்டருக்கு ஒரு 400 மில்லிகிராம் மாத்திரை கணக்கில். மூன்று வாரம் தனியாக வைத்திருந்தேன். அது போதாது. இந்தப் பதினோரு மாதத்தில் எனக்கு அதிகமாக வலித்த தப்பு அந்த மூன்று வாரம்தான்.

நவம்பர் முதல் வாரத்தில் நான்கையும் பெரிய தொட்டியில் விட்டேன். பகலில், விளக்கு எரியும்போது, உள்ளே எதையும் மாற்றாமல். டர்க்கைஸ் ஒரு நிமிடம் கூடப் பொறுக்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி முழு உடம்பையும் காட்டி ஒரு சுற்று வந்தது, பிறகு நேராக முட்டியது. வைல்டு மீன் உடனே பட்டைகளைக் கறுப்பாக்கித் தலையைச் சற்றுத் தாழ்த்திச் சாய்ந்து விலகும். அது தோல்வியை ஒப்புக்கொள்கிற பாஷை, வைல்டுகள் தங்களுக்குள் உரசிக்கொண்டபோது அதைப் பார்த்திருக்கிறேன், ஒன்று பட்டையை ஏற்றினால் விரட்டுகிற மீன் ஒரு உடல் நீளத்தில் நின்றுவிடும். டர்க்கைஸ் நிற்கவில்லை, மூலை வரை போய் அங்கேயும் அடித்தது. இரண்டு நாளில் ஒரு வைல்டின் வால் பாதி கிழிந்திருந்தது. நோட்டில் 61.

இதைப் பார்த்த பிறகுதான் பிஜன் பிளட் விஷயம் எனக்கு உறைத்தது. பிஜன் பிளட்டுக்கு அந்தப் பட்டைகளே கிடையாது, பட்டை இல்லாத மீனாகத்தான் அதை வளர்த்தெடுத்திருக்கிறார்கள். பயந்தாலும், பணிந்தாலும், எதிர்த்தாலும் வெளியே ஒரே நிறம், மிஞ்சிப்போனால் மிளகுத்தூள் தூவின மாதிரிக் கறுப்புப் புள்ளி கொஞ்சம் கூடும். என் தொட்டியில் ஹீட்டருக்குப் பின்னால் போனது ஒவ்வொரு முறையும் பிஜன் பிளட்தான், டர்க்கைஸ் ஒருமுறைகூடப் போனதில்லை. நான் தோற்றுவிட்டேன் என்று சொல்ல வழியில்லாத மீனை அடிக்கிற மீன் அடித்துக்கொண்டே இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. பிறந்ததிலிருந்து வெறும் கண்ணாடித் தொட்டியில் நூறு குஞ்சோடு நெருக்கியடித்துத் தீனிக்கு முந்தி வளர்ந்த டர்க்கைஸோ, எதிரில் இருக்கிற மீன் பட்டையை ஏற்றினாலும் அதை மதிக்கப் பழகவில்லை.

எட்டாவது நாள் சண்டையே இல்லை. நோட்டில் 2. அண்ணன் மகள் சந்தோஷமாக எழுதினாள். நான் தொட்டியைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. பண்ணை மீன்கள் ஆறும் கறுத்து, உடம்பில் வெள்ளையாகச் சளி விட்டு, துடுப்பை மடக்கிக்கொண்டு ஒரே மூலையில் நின்றன. ஆற்று மீன் உடம்பில் அதற்குப் பழகிப்போன கிருமி இருக்கும், பண்ணை மீன் உடம்பில் பண்ணைக் கிருமி, ஒன்றுடையது இன்னொன்றுக்குப் புதிது. நான் மருந்து கொடுத்தது செவுள் புழுவுக்கும் குடல் கிருமிக்கும்தான், இதற்கு இல்லை. தினமும் பாதித் தண்ணீர் மாற்றினேன், வெப்பத்தை 32-க்கு ஏற்றினேன், இன்னொரு ஏர் பம்ப் வைத்தேன். பன்னிரண்டு நாளில் இரண்டு பிஜன் பிளட் செத்தன, அதில் ஒன்று அந்த மூன்றரை அங்குலக் குட்டி. வால் கிழிந்த வைல்டும் போனது. மிச்சம் நான்கு பண்ணை, மூன்று வைல்டு. அந்தக் குட்டியைத்தான் இவ்வளவும் செய்து காப்பாற்ற நினைத்தேன்.

எல்லாம் தேறியதும் தொட்டியை நடுவில் தடுக்க முடிவு செய்தேன். 4 மி.மீ. அக்ரிலிக் ஷீட், 24 அங்குலத்துக்கு அரை அங்குலம் குறைத்து வெட்டி வாங்கினேன், 1,100 ரூபாய். தண்ணீர் ஓட 8 மி.மீ. துளை, இரண்டு அங்குல இடைவெளியில். துளை போடும்போது டிரில்லை மெதுவாக ஓட்ட வேண்டும், அடியில் ஒரு மரக்கட்டை கொடுக்க வேண்டும். நான் முதல் நான்கு துளையை வேகமாகப் போட்டதில் ஓர் ஓரம் விரிசல் விட்டது. துளை விளிம்புகளை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்காமல் விட்டால் மீன் உரசிச் செதிலை இழக்கும். ஓரங்களில் சிலிக்கான் குழாயைக் கீறிச் சொருகினேன், கண்ணாடியோடு இறுகிக்கொண்டது, பசை எதுவும் தேவைப்படவில்லை.

ஷீட் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்ததுதான் அடுத்த தப்பு. டர்க்கைஸ் நாள் முழுக்க அந்த ஷீட்டை முட்டியது, வைல்டுகள் நாள் முழுக்கப் பட்டையோடு நின்றன. எட்ட முடியாது என்றால் அடங்கிவிடும் என்று நினைத்தேன், பார்க்க முடிகிற வரை அடங்கவில்லை. நான்காவது நாள் ஷீட்டை வெளியே எடுத்துத் துடைத்து, காய வைத்து, இரண்டு பக்கமும் கறுப்பு வினைல் ஸ்டிக்கர் ஒட்டித் துளைகளை மறுபடி திறந்து போட்டேன். 350 ரூபாய். அன்று சாயங்காலமே வைல்டுகளின் பட்டை மங்கியது.

ஜனவரியில் வைல்டுக்கென்று தனித் தொட்டி. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஏறக்குறைய 270 லிட்டர், ஸ்டாண்டோடு 8,500. எங்கள் போர் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கிற உப்பின் அளவு) 1,100, ஆர்.ஓ. மெஷினில் வருவது 40. வைல்டுக்கு 100 லிட்டருக்கு 8 லிட்டர் போர் தண்ணீர் கலந்தால் 120 சொச்சம் வருகிறது. பண்ணை மீனுக்கு மூன்றில் ஒரு பங்கு போர் தண்ணீர், 390 முதல் 400, அதில் அவை சௌகரியமாக இருக்கின்றன. ஆர்.ஓ. மெஷின் ஒரு நாளைக்கு மூன்று நான்கு மணி நேரம் ஓடி 200 லிட்டர் நீல டிரம்மை நிரப்புகிறது, கழிவுத் தண்ணீர் இன்னொரு டிரம்முக்குப் போய் வாசல் கழுவவும் கக்கூஸுக்கும் ஆகிறது.

உள்ளே ஆறு கிலோ மரக்கட்டை, கிளை கிளையாகப் பிரிந்தது, கிலோ 450. பத்து நாள் ஊறப்போட்டுத்தான் முழுகியது. தெருமுனை பாதாம் மரத்தின் சருகுகளைப் பொறுக்கிக் கழுவி, வாரம் பத்து இலை போடுகிறேன். தண்ணீர் இளம் டீ நிறத்துக்கு வந்தது, பி.எச். 6.2-க்கு இறங்கி நின்றது. அந்தத் தொட்டிக்கு வந்த மூன்றாவது நாள் ஒரு வைல்டு கிளைகளுக்கு நடுவில், துடுப்பை முழுக்க விரித்து, பட்டையே இல்லாமல், நெற்றியில் நீலக் கோடு பளிச்சென்று தெரிய நின்றதைப் பார்த்தேன். வாங்கி மூன்று மாதம் கழித்து அப்போதுதான் அந்த மீனின் உண்மையான நிறத்தைப் பார்க்கிறேன்.

ஆனால் மூன்று என்பது டிஸ்கஸில் மோசமான எண்ணிக்கை. இரண்டு சேர்ந்துகொண்டு மூன்றாவதை ஒதுக்கின. அம்பத்தூரில் ஒருவர் வீடு மாறுவதால் தன் மூன்று வைல்டுகளைத் தருவதாகச் சொன்னார், மொத்தம் 9,000. இந்த முறை ஆறு வாரம் தனித் தொட்டி. நான்காவது வாரம் என் வைல்டில் ஒன்றை மட்டும் அவற்றோடு விட்டுப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகே எல்லாவற்றையும் சேர்த்தேன். மொத்தம் ஆறு. விளக்கை அணைத்து, மரக்கட்டைகளை இடம் மாற்றி வைத்து, இருட்டில் விட்டேன். மறுநாள் 9, ஒரு வாரத்தில் 3.

பண்ணைத் தொட்டிக்கும் இதே முறை. பிப்ரவரியில் ஒரே குஞ்சுக் கூட்டத்தில் இருந்து ஒரே அளவில் ஐந்து, ஒன்று 1,400. ஆறு வாரம் தனியாக வைத்துவிட்டு, மார்ச் கடைசியில், விட்ட அன்று பழைய மீன் நான்கையும்கூட வாளியில் எடுத்துவிட்டு, ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஹீட்டர் எல்லாவற்றையும் இடம் மாற்றி, ஒன்பதையும் ஒரே நேரத்தில் இருட்டில் விட்டேன். தீனி ஒரே இடத்தில் போடுவதை நிறுத்தி, இரண்டு ஓரம், நடு என்று மூன்று இடம், ஒரு நாளைக்கு இரண்டு வேளையை நான்கு வேளையாக்கிச் சின்னச் சின்னதாக. முதல் வாரம் 22, மூன்றாவது வாரம் 11, அதற்குப் பிறகு ஐந்து ஆறில் நிற்கிறது. டர்க்கைஸ் இன்னமும் விரட்டுகிறது. ஆனால் ஒன்றை விரட்டிக்கொண்டு போகும்போதே இன்னொன்று குறுக்கே வருகிறது, அதன் கவனம் மாறிவிடுகிறது, அடி எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்காகிறது. இப்போது ஹீட்டருக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை. ஒரு மாதம் கழித்துத் தீனியை மறுபடி ஒரே இடத்தில் போட்டுப் பார்த்தேன், அன்றைக்கே 14. அதனால் மீன்களின் எண்ணிக்கை பாதி, தீனி போடும் விதம் பாதி என்று தைரியமாகச் சொல்வேன்.

கொளத்தூர் அண்ணன் சொன்னதன் இரண்டாவது பாதி ஏப்ரல் கடைசியில் புரிந்தது. வைல்டில் ஒரு ஜோடி சேர்ந்தது. இரண்டும் எதிரெதிரே வந்து தலை தாழ்த்தி எழும், நெட்டுக்குத்தாக நின்ற ஒரு கட்டையை வாயால் சுத்தம் செய்யும். மூன்றாவது நாள் முட்டை. அன்றிலிருந்து அந்த ஜோடி அரைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு மற்ற நான்கையும் ஒரு மூலையில் அடுக்கி வைத்தது. நோட்டில் 54, அது வரை வைல்டு தொட்டியில் பத்தைத் தாண்டியதே இல்லை. டர்க்கைஸ் அடித்ததைவிட இது கடுமை. பட்டையை ஏற்றிப் பணிந்தாலும் முட்டைக்குப் பக்கத்தில் மன்னிப்பு இல்லை, ஒரு ஆணின் கண் ஓரம் கிழிந்தது. ஆனால் முட்டை இரண்டு நாளில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்து அழிந்ததும், அன்றே மறுபடி 4. டர்க்கைஸ் நாள் தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பது. இவை பல வாரம் சும்மா இருந்து, காரணம் வந்ததும் மொத்தமாக அடிக்கின்றன. வைல்டு சாது, பண்ணை முரடு என்றோ அதற்கு நேர்மாறாகவோ இனி நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அந்தக் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டிய ஷீட்டை எடுத்து ஆறு அங்குலம் அகலத்தைக் குறைத்து வெட்டி வைல்டு தொட்டியில் வைத்துவிட்டேன். ஜோடிக்கு 16 அங்குலம், மற்றவைக்கு மிச்சம்.

செலவு, ஷீட், மீன், தொட்டி, கட்டை, மருந்து எல்லாம் சேர்த்து 52,000-ஐ ஒட்டி. அதில் நான்கு வைல்டுக்குக் கொடுத்த 22,000, சண்டையை நிறுத்தும் என்று நம்பிக் கொடுத்தது. சண்டையை நிறுத்தியது 7,000 ரூபாய்க்கு வாங்கிய ஐந்து பண்ணை மீனும் தீனி போடும் இடத்தை மாற்றியதும். திரும்ப ஆரம்பித்தால் முதல் நாளே எட்டுக்குக் குறையாமல் ஒரே அளவில் ஒரே கூட்டத்திலிருந்து வாங்குவேன், பிஜன் பிளட்டையும் பட்டை உள்ள வகையையும் ஒரே தொட்டியில் கலக்க மாட்டேன், ஆற்று மீனைப் பண்ணை மீனோடு எந்த நாளும் சேர்க்க மாட்டேன். வைல்டுக்கு 2 அடி அகலத் தொட்டி வாங்குவேன், ஒன்றரை அடியில் ஜோடி ஒன்று சேர்ந்துவிட்டால் மற்றவை ஒதுங்க வழியில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அந்த ஜோடி நான்காவது முறையாக முட்டை வைத்தது. இன்று ஞாயிறு காலை டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தேன். முப்பது நாற்பது வெள்ளையாகிவிட்டன. மீதியில் வால் துடிக்கிறது. ஆண் மீன் ஷீட்டின் பக்கம் வந்து ஒரு முட்டு முட்டிவிட்டுத் திரும்புகிறது, அந்தப் பக்கம் நான்கும் கிளைகளுக்கு நடுவில் பிளட்வார்ம் பொறுக்கிக்கொண்டிருக்கின்றன. நாளைக்குத் தண்ணீர் மாற்றும் நாள். வழக்கமான 80 லிட்டரை ஒரே வீச்சில் ஊற்றாமல், டிரம்மிலிருந்து ட்ரிப் குழாயில் சொட்டுச் சொட்டாக விடப்போகிறேன்.